மகாலட்சுமிகள் வாயில் நான் அகப்பட்டது

அகோலா
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த குசும் அக்காவுக்கு, தம்பி தத்தாராம் தாள் பணிந்து எழுதுவது. இங்கே யாவரும் நலம். என்னைத் தவிர.

மருமகள் ஆசாவரிக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்கு உத்தரவு வந்ததும், நம் வீட்டுப் பெண் டிக்கெட் கிழிக்கக் கூடாது என்று நான் தடுத்ததும் உனக்குத் தெரியும். திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை போய்விடும். அவளும் வாய் திறக்கவில்லை, நானும் ஜெயித்துவிட்டேன் என்றிருந்தேன். நேற்று மகாலட்சுமி தேவிகள் அக்கா தங்கை இருவரையும் வீட்டுக்குள் அழைக்கும் நாள் இல்லையா? தங்கை தேவியின் பித்தளை முகத்தை முறத்தில் ஏந்தி ஆசாவரி வந்தாள். அறை அறையாக என் மனைவி நலினி, "மகாலட்சுமி, என்ன பாக்கறே?" என்று கேட்க வேண்டும். இவள் பாலும் தயிரும் பொன்னும் மணியும் என்று சொல்ல வேண்டும். முகத்தை ஏந்திச் சொல்வது தேவி வாக்கு, மறுத்துப் பேசக் கூடாது. இவளோ கூடத்தில் நின்று, "நாற்காலில ஒருத்தரப் பாக்கறேன். காலைல குடிச்ச டீ கப்ப இன்னும் நகத்தாம உக்காந்திருக்காரு" என்றாள். தெருப் பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். தானிய அறையில், "என்ன கொண்டுவந்தே?" என்றாள் நலினி. "வேலை உத்தரவு. திங்கட்கிழமை கெளம்பறேன்!"

நலினி அதட்டுவாள் என்று பார்த்தால், வாசலில் காத்திருந்த அக்கா தேவியின் முகத்தைத் தானே தூக்கிக்கொண்டு, கேள்வி கேட்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். சமையலறையில் நான் கேட்டேன். "முப்பத்திரண்டு வருஷமா ஒரே அடுப்பப் பாக்கறேன். திங்கட்கிழமைலேந்து அதுகிட்ட ஒரு ஆம்பள நிக்கறதப் பாக்கறேன்" என்கிறாள் நலினி! எனக்குப் பருப்பு வேகவைக்கக்கூடத் தெரியாதே, யாரிடம் போய் அழ? நாளை தேவிகளை வழியனுப்புகிறோம். அதற்கப்புறம் இதுகள் வெறும் மாமியார் மருமகள்தானே! கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து இரண்டு பேரையும் நறுக்கென்று நாலு வார்த்தை கேள்.

அத்தானுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

உன் அடங்கிப்போன தம்பி,
தத்தாராம்

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை. கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. தேவிகள் கிளம்பியாயிற்று. நெஞ்சை நிமிர்த்தி ஆசாவரியிடம், "இப்பக் கேளு பாக்கலாம்" என்றேன். இப்போது அவள் கையில் முறம் இல்லை அக்கா. "போகட்டுமா மாமா?" என்று காதில் விழாத குரலில் கேட்டாள். என்னிடம் இத்தனை பயமா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. "போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டேன். எனக்காகப் பேச நீ வர வேண்டாம். என் பக்கம் இப்போது யாருமில்லை. நானே அவர்கள் பக்கம் போய்விட்டேன்.