சியோனிங்கின் வலது கால்

போர்க்களத்தில் அடிபட்ட சிப்பாய் ரத்தம் போய்ச் சாகக் கூடாது என்பது அரசாங்கத்தின் அசைக்க முடியாத கொள்கை. அதற்காகவே பாலிந்தோக் கிராமத்தை ஒட்டிய ராணுவ முகாமில் ஒரு பயிற்சிப் பள்ளி நடந்து வந்தது. ரத்தத்தை நிறுத்திப் பழக வேண்டுமானால் முதலில் ரத்தம் வர வேண்டும். எதிரிகளோ பள்ளிக்கூட நேரம் பார்த்துச் சுட மாட்டேன் என்கிறார்கள். ஆகவே அடிபடும் பொறுப்பை பாலிந்தோக் மக்களிடம் முறைப்படி ஒப்படைத்திருந்தார்கள்.

மக்களும் குறை வைக்கவில்லை. வாழைப்பழக் கெச்சப்பில் காப்பித்தூளைக் குழைத்தால் ரத்தம் தயார். கசாப்புக் கடையில் ஒதுக்கிப் போட்ட பன்றிக் குடலை வயிற்றில் கட்டிக்கொண்டால் குண்டடி. வேஷம் போட்டுக்கொண்டு புல்வெளியில் போய்ப் படுத்து அலற வேண்டியது. பயிற்சிச் சிப்பாய்கள் ஓடி வந்து கட்டுப் போடுவார்கள். மத்தியானம் எல்லாருக்கும் நூடுல்ஸ்.

காயத்திலும் மேல் கீழ் உண்டு. பிணமாகப் படுப்பவனுக்கு மரியாதை கிடையாது. தூங்கத்தானே வந்தான் என்பார்கள். தீக்காயம் நடுத்தரம். எல்லாருக்கும் மேலே, வலது கால் போனவள். அது சியோனிங். இருக்கிற காலை மண்ணில் பள்ளம் தோண்டிப் புதைத்து, முழங்காலில் கெச்சப்பை அப்பிக்கொண்டு அவள் போடும் அலறலில் ஊர்க்கோழி முட்டையிட மறந்துவிடும். பயிற்சி ஆசிரியர் சார்ஜென்ட் ருஃபினோவே ஒரு காலத்தில் அவள் காலில் பழகியவர்தான். முதல் அலறலில் நடுங்கிப்போய், ரத்தம் நிறுத்தும் பட்டையை அவள் தொடையோடு தன் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டவர். மூன்றாம் அலறலில் கை தானாகப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு தூக்கத்தில் அவள் குரல் கேட்டால்கூடத் தலையணையை இறுக்கிக் கட்டிவிடுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் பொம்மை வந்தது.

வெளிநாட்டுப் பொம்மை. மூச்சு விடும், கண் திறக்கும், சுவிட்சைப் போட்டால் ரத்தம் வடிக்கும். முகாம் தலைவர் கர்னல் எலாடியோ மங்குபாத் அதை வரவேற்க இரும்புச் சட்டம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார். பேனரில் கர்னலின் முகம் நெல் காயவைக்கிற அளவுக்கு இருந்தது. பொம்மை ஒரு மூலையில் தபால்தலை மாதிரி இருந்தது. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் உள்ளே இறங்கி, பொம்மை இரண்டு நாள் கண் திறக்கவில்லை. பழுது அறிக்கையில் கோளாறுக்கான காரணம் என்ற இடத்தில் "கடவுள் செயல்" என்று எழுதினார்கள்.

அதன்பின் பொம்மையின் நலன் கருதி ஆணைகள் பிறந்தன. பொம்மைக்கு வெயில் ஆகாது, மழை ஆகாது, சேறு ஆகாது. ஆகவே போர் இனி ஏசி அறையில் நடைபெறும். பட்டையை இறுக்கினால் தோலில் தடம் விழுகிறது; ஆகவே இறுக்கக் கூடாது, அன்பாகக் கட்ட வேண்டும். பொம்மை செத்தால், சாகவிட்ட சிப்பாய் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

விளக்கம் எழுத யாருக்குப் பிடிக்கும்? ரத்த சுவிட்சை ஒருவரும் தொடவில்லை. சிப்பாய்கள் வரிசையாக வந்து, நலமாக இருக்கிற பொம்மையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ரத்தம் வராததால் சாவும் வரவில்லை. பயிற்சியில் உயிர் பிழைப்போர் நூற்றுக்கு நூறு என்று கணக்குப் போயிற்று. தலைநகரிலிருந்து கர்னலுக்குப் பாராட்டு வந்தது.

சியோனிங் மறுபடி வாழைப்பழம் வறுத்து விற்க உட்கார்ந்தாள். முன்பு தீக்காய வேஷம் போட்ட லூமிங் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று கேட்பாள்.

"என்ன சியோனிங், போன கால் மறுபடி முளைச்சிருச்சாமே?"

"முளைச்சிருச்சு. கிட்ட வா, ஒரு உதை குடுத்துக் காட்டுறேன்."

வாய் அப்படிச் சொன்னாலும் வயிறு எரிந்தது. சந்தையில் முன்பெல்லாம் "கால் போன அக்கா வர்றாங்க, வழி விடு" என்பார்கள். இப்போது அவளும் நாலு பேரோடு ஒருத்தி. தன் இடத்தைத் திரும்பப் பிடிக்காமல் விடுவதில்லை என்று எண்ணெய்ச் சட்டியின் மேல் சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

வாய்ப்பு எறும்பு வடிவத்தில் வந்தது. தலைநகரிலிருந்து ஜெனரல் பொம்மையைப் பார்வையிட வருவதாகத் தகவல். பொம்மையோடு வந்த ரத்தப்பொடி பயன்படுத்தாமல் கட்டிதட்டிப் போயிருந்தது. யாரோ ஒரு புத்திசாலி கெச்சப்பை ஊற்றி வைத்தான். விடிவதற்குள் எறும்புப் படை உள்ளே புகுந்தது. பொம்மை கடைசியாக ஒருமுறை சல்யூட் அடித்துவிட்டு அடங்கியது.

ருஃபினோ சியோனிங்கின் அடுப்படிக்கு ஓடி வந்தார்.

"அக்கா, கர்னல் கூப்பிடுறாரு."

"எதுக்கு? உங்க துரை எங்க போனாரு?"

"எறும்பு தின்னுருச்சுக்கா."

"என்னை இன்னிக்கு வரைக்கும் எந்த எறும்பும் தின்னதில்ல தம்பி. அதையும் உங்க கர்னல்கிட்ட சொல்லு."

"சொல்றேன், வாங்க. ஜெனரல் வர்றதுக்குள்ள நீங்க படுக்கணும்."

"வலது கால்தான? கெச்சப் எடுத்துக்கவா?"

ருஃபினோ தலையைச் சொறிந்தார். "காலு வலது காலுதான். ஆனா நீங்க அடிபட்டவளா நடிக்கக் கூடாது. பொம்மையா நடிக்கணும்."

சியோனிங் கரண்டியைக் கீழே வைத்தாள். "அடிபட்ட மனுஷன் மாதிரி நடிக்குது பொம்மை. அந்தப் பொம்மை மாதிரி மனுஷி நான் நடிக்கணும். அப்படித்தான?"

"ஆமாக்கா."

"அப்ப நேரா நானே நடிச்சா என்னடா?"

"அதுக்கு பட்ஜெட்ல இடமில்லக்கா."

இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. நல்லபடி முடிந்தால் அவள் இடம் அவளுக்கே என்று கர்னல் வாக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனைதான்: என்ன நடந்தாலும் அசையக் கூடாது.

மேஜையில் ஓட்டை போட்டு வலது காலை அதற்குள் விட்டுத் துணியால் மறைத்தார்கள். முகத்தில் மாவு பூசினார்கள். வயிற்றில் ஒரு சுவிட்சை ஒட்டினார்கள். ஏசி குளிரில் சியோனிங்கின் பல் தந்தியடித்தது. கடித்து நிறுத்தினாள்.

ஜெனரல் வந்தார். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்.

"தோல் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கே?"

"நம்ம ஊரு தட்பவெப்பத்துக்குன்னே செஞ்சது சார்," என்றார் கர்னல்.

"எண்ணெய் வாசம் வருது?"

"இயந்திரம் இல்லையா சார்."

ஒரு கொசு வந்து சியோனிங்கின் மூக்கில் உட்கார்ந்தது. ஜெனரல் அசந்துபோனார். "பாருய்யா, கொசுவே ஏமாந்துருச்சு!"

ருஃபினோ பட்டையை அன்பாகக் கட்டினார், அன்பாக அவிழ்த்தார். ஜெனரல் தலையாட்டினார். எல்லாம் சுபமாக முடிகிற நேரம். அறைக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்த பேனரில் தன் முகத்தை ஜெனரல் கவனிக்கவில்லையே என்ற கவலை கர்னலுக்கு. "இந்தத் திட்டம் யாரோட கனவுன்னா சார்..." என்று பிரம்பைப் பின்னால் நீட்டினார். பிரம்பு பேனரைக் கட்டிய கயிற்றில் மாட்டியது. கர்னலின் பெரிய முகம் கர்னலின் மேலேயே சாய்ந்தது. இரும்புச் சட்டம் அவருடைய வலது கெண்டைக்காலைக் கிழித்தது.

"ஐயோ! ஐயோ!"

நிஜ ரத்தம். சார்ஜென்ட் ருஃபினோ பாய்ந்து வந்தார். கற்பித்தபடியே முதலில் கர்னலின் வயிற்றில் சுவிட்சைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு பட்டையை எடுத்து, தடம் விழாதபடி அன்பாகக் கட்டி, ஒருமுறை ஊதியும் விட்டார்.

"இறுக்குடா, மடையா!" என்று கத்தினார் கர்னல்.

"ஆணை இருக்கு சார். நீங்க போட்ட ஆணைதான்."

ஜெனரல் கைதட்டினார். "ரெண்டாவது மாடலும் வாங்கிட்டீங்களா! இது கொஞ்சம் தொப்பையா இருக்கே."

மேஜையில் கிடந்த சியோனிங் எல்லாவற்றையும் பொறுத்தாள். கொசுவைப் பொறுத்தாள், கிள்ளலைப் பொறுத்தாள். கர்னலின் அலறலை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து வராமல் தொண்டையிலேயே நின்று கீச்சிடுகிற அலறல். வலது காலுக்கு இப்படியா அலறுவது? தொழிலுக்கே அவமானம். வாக்கு ஒரு பக்கம் இழுத்தது, மானம் ஒரு பக்கம் இழுத்தது. மானம் ஜெயித்தது. சியோனிங் வாயைத் திறந்தாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊர்க்கோழிகள் ஓடின. ருஃபினோவின் கைகள் ருஃபினோவைக் கேட்கவில்லை. கர்னலை அப்படியே போட்டுவிட்டு மேஜைக்குத் தாவி, சியோனிங்கின் தொடையில் பட்டையைச் சுற்றி, முட்டி கொடுத்து இறுக்கு இறுக்கென்று இறுக்கினார். பயிற்சிப் பள்ளியின் வரலாற்றில் அப்படியொரு கட்டு யாரும் கட்டியதில்லை. வராத ரத்தம் உடனே நின்றது.

வந்துகொண்டிருந்த ரத்தத்தை ஜெனரலின் டிரைவர் தன் வியர்வைத் துண்டால் கட்டி, கர்னலை ஜீப்பில் ஏற்றினார். பயிற்சிப் பட்டியலில் கர்னல் பெயர் இல்லாததால் நூற்றுக்கு நூறு என்ற கணக்குக்குப் பங்கம் வரவில்லை.

ஜெனரல் நெகிழ்ந்துபோயிருந்தார். "வேற எந்த வெளிநாட்டுச் சரக்கும் இப்படி அலறி நான் கேட்டதில்ல. ஆனா கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. அதை மட்டும் நிறுத்திட்டு இதே மாதிரி இன்னும் பத்து வாங்குங்க!"

ஜெனரல் சொன்ன சொல்லை யார் மறுப்பது? இவள் பொம்மை இல்லை என்றால், வாங்கிய பொம்மை எங்கே என்று கேட்டுவிடுவாரே. ஆக, சியோனிங் அரசாங்கச் சொத்தானாள். கழுத்தில் எண் தொங்கியது. அவளுக்கும் வெயில் ஆகாது, மழை ஆகாது, சேறு ஆகாது. ஊருக்குள் போய்வரக் குடை பிடிக்க ஒரு சிப்பாய். சந்தையில் இப்போது வழி மட்டுமல்ல, கூட்டமே விலகியது. இடம் கிடைத்துவிட்டது. அலற மட்டும் அனுமதி இல்லை.

மீதிப் பத்து பொம்மைகளுக்கு ஆள் எடுப்பு நடந்தபோது பாலிந்தோக்கே முகாம் மைதானத்தில் வரிசை கட்டிப் படுத்தது. லூமிங் முதல் ஆள். யார் கண் சிமிட்டுகிறார்களோ அவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. தேர்வாளர் சியோனிங். குடைநிழலில் நடந்தபடி, "மூக்கைச் சொறியாத," "தொப்பையை உள்ள இழு லூமிங், பொம்மை காலையில சோறு திங்காது" என்று திருத்திக்கொண்டே போனாள்.

அப்போது கர்னல் மருத்துவமனையிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். மைதானத்தின் நடுவில் கம்பு வழுக்கியது. கர்னல் ஆடினார், வளைந்தார், இரண்டு கையையும் காற்றில் வீசினார்.

"யாராவது பிடிங்கய்யா!"

ஊரே கேட்டது. ஊரே கண் சிமிட்டாமல் கிடந்தது. ஒருத்தர்கூட அசையவில்லை, அவ்வளவு தத்ரூபம். குடை பிடித்த சிப்பாய் சியோனிங்கைப் பார்த்தான். அவள் மேல் வெயில் பட்டால் விளக்கம் எழுத வேண்டியவன் அவன்தான். குடையை விடவில்லை.

கர்னல் விழுந்தார். அலறினார்.

சியோனிங் தலையைச் சாய்த்து, கடைசி வரை கவனமாகக் கேட்டாள்.

"பரவால்ல சார்," என்றாள். "போன தடவைக்கு இந்தத் தடவை நல்லாவே தேறிட்டீங்க."