பேஷன்ட் அம்மாவுக்கு யார் மாத்திரை கொடுப்பது

பெங்களூரில் பேஷன்ட் அம்மாவைவிட மோசமான நோயாளி இருக்கவே முடியாது. இத்தனைக்கும் அவருக்கு நோயே கிடையாது என்றுதான் நினைத்திருந்தோம்.

விவேக் நகரில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்களுக்குப் பயிற்சி. வீடுகளுக்குப் போய் முதியவர்களைக் கவனித்து, வேளைக்கு மாத்திரை கொடுக்கும் வேலை. கார்மென்ட்ஸ் தையல் வேலையை விட்டு வந்த நானும் சேர்ந்திருந்தேன். பழகிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டுமே? அதற்காகச் சம்பளத்துக்குக் கட்டிலில் படுத்திருந்தவர்தான் பேஷன்ட் அம்மா. மாத்திரைக்குப் பதில் சீரக மிட்டாய்.

கொடுக்குமுன் பெயர் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சி தந்த நர்ஸ் சிஸ்டரின் விதி.

"உங்க பேரு இன்னாம்மா?" என்றேன்.

"வெங்கடேஷ்" என்றார், முகம் மாறாமல்.

மருந்துச் சீட்டில் சரோஜா என்றிருந்தது. மிட்டாயோடு விழித்தேன்.

மிட்டாயைத் தின்றுவிட்டு, "எனக்கு ஒண்ணும் குடுக்கலியே" என்று அடுத்தவளிடம் சத்தியம் செய்வார். ஒருநாள் மயங்கி விழுந்து நடித்ததில், கீழே இருந்த பேக்கரிக்காரர் பதறிப்போய் ஆட்டோவே கொண்டுவந்துவிட்டார். வந்த ஆட்டோவை வீணாக்குவானேன் என்று பேஷன்ட் அம்மா அதிலேயே அடுகோடிக்கு, தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வகுப்பு முடிந்தாலும் எழ மாட்டார். "இன்னொரு தபா குடுத்துப் பாருங்கடி" என்பார். நாங்கள் பையை எடுத்துக்கொண்டு நழுவுவோம்.

திடீரென்று ஒருநாள் அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. சிஸ்டர் என்னை அனுப்பினார். அடுகோடியில் ஒற்றை அறை. தரையில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இது நடிப்பில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பிபி மாத்திர போட்டேனா இல்லியான்னு தெரியல. மறுபடி போட்டுட்டேன்."

கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

திரும்பும்போது, "கிளாஸ்ல சொல்லு. நடிக்கப் புதுசா ஒண்ணு கெடச்சுதுன்னு" என்றார். நான் சிரிக்கவில்லை.

"மாத்திர போட்டியான்னு கேக்க யாருமே இல்லியாம்மா?"

"கேக்க ஆளு இருந்தா, நான் ஏண்டி உங்க கட்டில்ல வந்து படுக்கறேன்?"

இப்போது எனக்குத் தொம்மலூரில் ஒரு வீட்டில் வேலை. காலையில் முதலில் அடுகோடிக்குப் போகிறேன். ஒரு மாத்திரையை விழுங்க அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் தெருக்கதை முழுவதும் தேவைப்படுகிறது.

"போற வழிதானே, மெதுவா போலாம் இரு" என்கிறார்.

அடுகோடி என் வழியே இல்லை. அதை நான் அவரிடம் சொன்னதில்லை.