பதினொரு வாரமாக நினைவு திரும்பாத என் மனைவி விஷயமாக

பர்பேங்க், கலிபோர்னியா
மார்ச் 9, 1995

மதிப்பிற்குரிய தலைமைக் கதாசிரியர் திரு. கார்வின் ஸ்டப்ஸ் அவர்களுக்கு,

நகராட்சிக் குடிநீர்த் துறையில் முப்பத்து நாலு வருடம் குழாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எம்மெட் ஹோல்ம்பர்க் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் மனைவி மார்லிஸும் நலம். வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை மட்டும், உங்கள் தொலைக்காட்சித் தொடரில் நினைவிழந்து கிடக்கிறாள். அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

அவள் நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவள் அல்ல. பத்தொன்பது வயதில் அயோவாவின் சோளக்காட்டு ஊரொன்றிலிருந்து பஸ் ஏறி வந்தவள். ஆறு சினிமாவில் நடித்திருக்கிறாள். நாலில் முதுகு மட்டும் தெரியும். ஒன்றில் லிஃப்டுக்குள் அலறுவாள். ஆறாவதில் அவளைச் சுட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் காட்சியை வெட்டிவிட்டதால், அதில் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்றுதான் கொள்ளவேண்டும். 1968-இல் மூன்று நாள் நர்ஸ் வேடம் என்று உங்கள் தொடருக்கு வந்தவள், இருபத்தேழு வருடமாக ரோசலிண்ட் என்ற அந்த நர்ஸாகவே இருக்கிறாள். ஏழு கல்யாணம் செய்துவைத்தீர்கள், அதில் ஒரே டாக்டருக்கு இரண்டு தடவை. இரண்டு முறை கடத்தினீர்கள். ஒருமுறை சாகடித்துப் புதைத்துவிட்டு, நாலாம் மாதம் இரட்டைச் சகோதரி என்று திருப்பிக் கூட்டிவந்தீர்கள். நான் வாயைத் திறந்தேனா? இல்லை.

ஆனால் இந்த கோமா வேறு விஷயம். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் கதாபாத்திரத்தை ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பது உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் கண் திறப்பார்கள், போடாவிட்டால் சங்கு ஊதிவிடுவீர்கள். அவளுடைய கார் மலையிலிருந்து உருண்டு பதினொரு வாரம் ஆகிறது. ஒப்பந்தம் வந்ததா என்று தினமும் கேட்கிறேன். "வரும்போது வரும், எம்மெட்" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றப் போய்விடுகிறாள். நீங்கள் அனுப்பாமல் இழுத்தடிக்கிறீர்கள், நியாயமா?

போன சனிக்கிழமை கடையில், உங்கள் தொடரை ஒருநாள் விடாமல் பார்க்கும் எங்கள் தெரு மிஸஸ் ஓர்வெல்லா பிஞ்ச் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "அங்க அவ மூச்சு விடவே திணறுறா, நீ இங்க ஆரஞ்சு பொறுக்கிட்டிருக்கியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றாள். மார்லிஸ் என் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்து, "நீ அந்த ரெட்டைத் தங்கச்சிதானே? அக்காவைப் பக்கத்துலேயே இருந்து பாத்துக்க, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நோயாளி இருக்கும் வீடாயிற்றே என்று இதுவரை எங்கள் வீட்டு வாசலுக்கு ஒன்பது தட்டு டூனா மீன் கேசரோல் பதார்த்தம் வந்து சேர்ந்துவிட்டது. எங்களுக்கு டூனா ஆகாது.

இன்னொன்று. அவளுக்கு ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் அவள் கையைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, ஐயா. இதைப் பற்றி வீட்டில் அவளிடம் மூன்று நாள் விளக்கினேன், படம்கூட வரைந்து காட்டினேன். மூன்று நாளும் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். வரவர வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வேலைதான் அவளுக்கு உயிர். அதைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆவாள் என்று நினைக்கவே முடியவில்லை. தயவுசெய்து ஒப்பந்தத்தை அனுப்புங்கள். சாகடித்தே தீருவீர்கள் என்றால், சாவதற்கு முன் ஒரே ஒரு வசனமாவது கொடுங்கள். இருபத்தேழு வருடம் உழைத்தவள் ஒரு வார்த்தை பேசாமலா போவது?

உங்கள் பேனாவும் குடும்பமும் நெடுநாள் நன்றாக இருக்கட்டும். ஒளிப்பதிவாளருக்கும் போலி ரத்தம் கலக்கும் அம்மாளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
எம்மெட் ஹோல்ம்பர்க்

பி.கு.: இதற்குத் தபால்தலை தேடி மார்லிஸின் கைப்பையைத் திறந்தேன். உங்கள் ஒப்பந்தம் உள்ளே இருந்தது, ஜனவரி 4-ஆம் தேதியிட்டது. கையெழுத்து இல்லை. என்னடி இது என்றேன். "கையெழுத்துப் போட்டா எழுப்பிவிட்ருவாங்க, எம்மெட். நீ ரிட்டயர் ஆனதுலேருந்து வீட்ல ஒரு மணி நேரம் நிம்மதியாப் படுத்திருக்கேனா? அங்க யாரும் எங்கிட்ட குழாயைப் பத்திப் பேசறதில்ல" என்றாள். ஆகவே மேலே எழுதியவற்றை அடித்துவிடவும். அவளை எழுப்பவேண்டாம், முடிந்தால் கோடைவரை நீட்டிக்கவும். அவளுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதற்கு ஆள் தேவைப்பட்டால் நான் வரத் தயார். எனக்கு வசனம் வேண்டாம். வாயே திறக்கமாட்டேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன்.