மூன்று அங்குலம்

"அப்பாவோட உயரம்?" என்று டாக்டர் லாட்னர் பேனாவைத் திறந்தபடி கேட்டார்.

"அஞ்சடி எட்டு," என்றார் மெர்வ் பாஸ்கோ. பதினாறு வருடமாகச் சொல்லிப் பழகிய பொய்க்கு யோசனை தேவைப்படவில்லை.

"அம்மா?"

"நானும் அஞ்சடி எட்டுதான்," என்றாள் தெல்மா. "எங்க ஊர் ஜீலாங்ல ஜோடிப் பொருத்தம்னா எங்களைத்தான் காட்டுவாங்க, டாக்டர்."

இருவருக்கும் நடுவில் பன்னிரண்டு வயது மகள் கிளெனிஸ் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த நிலையிலேயே அவள் தலை இருவரையும் தாண்டியிருந்தது. டாக்டர் அவளுடைய கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெற்றோர் உயரத்தைக் கூட்டினார், வகுத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படியே விட்டா ஆறடி ஒண்ணுல போய் நிப்பா. ஆறடியைத் தாண்டுற பொண்ணுங்களுக்கு நான் ஹார்மோன் மாத்திரை கொடுக்கிறது வழக்கம். இந்த வயசுல கொடுத்தா எலும்பு சீக்கிரம் முதிர்ந்துடும். வளர்த்தி நின்னுடும்."

"ஆறடிக்குள்ள இருந்தா?" என்றார் மெர்வ்.

"எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடச் சொல்வேன்."

"கொடுத்துடுங்க டாக்டர்," என்றாள் தெல்மா. "போன மாசம் பள்ளிக்கூட டான்ஸ்ல இவளோட ஆடின பையன் மூக்கு இவ சட்டைப் பொத்தான்ல மாட்டிக்கிச்சு. நாளைக்கு எவன் இவளைக் கட்டிப்பான்?"

அடுத்த வாரம் மாத்திரையைத் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர்களில் கிளெனிஸ் இல்லை.

மெல்பர்னிலிருந்து திரும்பும் ரயிலில் தெல்மா கண்ணயர்ந்ததும் கிளெனிஸ் அப்பா பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா, எங்க கிளாஸ் ஜூடித் அந்த மாத்திரைதான் சாப்பிடுறா. தினம் காலைல பஸ்ல வாந்தி. எனக்கு வேணாம்ப்பா. நான் நெட்பால்ல கோல் கீப்பர், உயரத்துல வர்ற பந்தைத் தடுக்கணும். வளர்ந்தாத்தான் எனக்கு மதிப்பே."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கல்யாணத்துக்கு கோல் கீப்பர் தேவையில்லைன்னுட்டா."

மெர்வ் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அவர் வேலை செய்வது ஆண்கள் ஷூ கடையில். உயரம் கூட்டக் காலணிக்குள் தக்கை வைப்பது அவருக்குக் கைவந்த கலை. தெல்மாவை முதன்முதலில் டான்ஸ் ஹாலில் பார்த்த அன்று மூன்று அங்குலம் வைத்தவர்தான், பிறகு எடுக்கவே முடியவில்லை. வீட்டுச் செருப்பிலும் தக்கை. கடற்கரை மணலிலும் ஷூ. படுக்கையில் மட்டும் நிம்மதி, அங்கே யாருக்கும் உயரம் கிடையாது.

இப்போது அந்த மூன்று அங்குலம் மகள் கணக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனால் மனைவியிடம் உண்மையைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. எனவே கோழைகள் செய்வதையே செய்தார். கடையிலிருந்து டாக்டருக்குப் போன் போட்டார்.

எடுத்தது நர்ஸ், சிஸ்டர் டூஹி.

"சிஸ்டர், என் உயரத்தைத் தப்பா சொல்லிட்டேன். அஞ்சடி அஞ்சுன்னு எழுதிக்கோங்க."

"செவ்வாய்க்கிழமை அஞ்சடி எட்டுன்னீங்களே?"

"அது... செவ்வாய்க்கிழமை."

"அதுக்குள்ள மூணு அங்குலம் குறைஞ்சுட்டீங்களா?"

கடையில் வாடிக்கையாளர் நின்றார். மெர்வ் குரலைத் தாழ்த்தினார்.

"குறைஞ்சிட்டு வர்றேன் போல இருக்கு, சிஸ்டர்."

"ஐயோ பாவம்! டாக்டர்கிட்ட உடனே சொல்றேன்."

இது போதாதென்று, மகளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனையும் சொல்லிக் கொடுத்தார். "அங்க போனதும் கொஞ்சம் கூன் போட்டுக்கோ. அளக்கும்போது ரெண்டு அங்குலம் மிச்சமாகும்."

அடுத்த வாரம் டாக்டர் லாட்னர் அவர்களை வாசலிலேயே வரவேற்றார். முகத்தில் அப்படி ஓர் ஆர்வம்.

"அப்பா சுருங்கிட்டே வர்றார். பொண்ணு போன வாரம் நேரா நடந்தா, இந்த வாரம் வளைஞ்சு நடக்கிறா. இது முதுகெலும்பு சம்பந்தப்பட்டது. பரம்பரையா வர்றது!"

"சுருங்குறாரா?" என்றாள் தெல்மா. "மெர்வ், என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"ரெண்டு பேருக்கும் முதுகு எக்ஸ்ரே எடுத்துடுவோம்," என்றார் டாக்டர். "பொண்ணுக்கு மாத்திரையோட, இடுப்புலேர்ந்து தாடை வரைக்கும் இரும்புக் கவசம். ஒரு ரெண்டு வருஷம் போட்டா போதும்."

"அதைப் போட்டுக்கிட்டு நெட்பால் ஆடலாமா?" என்றாள் கிளெனிஸ்.

"உட்காரவே கஷ்டம்மா."

கிளெனிஸின் கண்ணீர் மூக்கோரமாக இறங்கி உதட்டில் நின்றது. மெர்வ் அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன பண்ற?" என்றாள் தெல்மா.

"சுருங்குறேன்," என்றார் மெர்வ்.

காலுறையோடு எழுந்து நின்றார். அறையில் இருந்த எல்லோரும் கொஞ்சம் வளர்ந்தது போலத் தெரிந்தது. சிஸ்டர் டூஹி அவரைச் சுவரோடு நிறுத்தி அளந்தாள். ஐந்தடி ஐந்து. டாக்டர் ஷூவுக்குள் கையை விட்டுத் தக்கையை எடுத்து, அதையும் எக்ஸ்ரே மாதிரியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மறுபடி கூட்டினார், வகுத்தார். "ஆறடிக்கு அரை அங்குலம் கம்மி. மாத்திரை வேண்டாம்."

கிளெனிஸின் கூன் அந்த நொடியே குணமாயிற்று. கவசமும் ரத்தானது.

"தெல்மா," என்றார் மெர்வ் தரையைப் பார்த்துக்கொண்டு. "பதினாறு வருஷமா உன்னை ஏமாத்திட்டேன். உனக்கு ஏத்த உயரம் எனக்கு இல்ல."

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்த கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

"அம்மா, அப்ப நீயும் முழங்காலை நீட்டிக்கலாமே! அப்பா கடைக்குப் போனதும் நீட்டுவியே, அந்த மாதிரி."

தெல்மாவின் நீளப் பாவாடைக்குள் எதுவோ நிமிர்ந்தது. அதற்குப் பிறகு முதுகு. அதற்கும் பிறகு கழுத்து. மெர்வின் பார்வை அவள் முகத்தைத் தேடி மேலே போய்க்கொண்டே இருந்தது.

"அஞ்சடி பதினொண்ணு," என்றாள் சிஸ்டர் டூஹி, முக்காலி மேல் ஏறி நின்று.

"அன்னைக்கு டான்ஸ்ல எல்லாப் பையன்களும் என்னைப் பார்த்துட்டு பீர் வாங்கப் போயிட்டாங்க," என்றாள் தெல்மா. "நீ ஒருத்தன்தான் வந்தே. நான் சட்டுன்னு குனிஞ்சேன். அப்புறம் நிமிர நேரமே அமையல. இவளும் என்னை மாதிரி குனிஞ்சே காலம் தள்ளக்கூடாதுன்னுதான் மாத்திரை கேட்டேன்."

மெர்வ் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "மேல எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"காத்து நல்லா வருது, மெர்வ்."

டாக்டர் லாட்னர் இதற்குள் மூன்றாவது முறையாகக் கூட்டி வகுத்து முடித்திருந்தார். அப்பாவிடம் போன மூன்று அங்குலம் அம்மாவிடம் வந்துவிட்டது. விடை போன செவ்வாய்க்கிழமை வந்ததேதான், ஆறடி ஒன்று. பெருமூச்சு விட்டு மருந்துச் சீட்டை இழுத்து மாத்திரையின் பெயரை எழுதத் தொடங்கினார்.

கிளெனிஸ் அம்மாவைப் பார்த்தாள். தெல்மா தன் புது உயரத்திலிருந்து கையை நீட்டி டாக்டரின் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் டாக்டர். இவளைக் கட்டிக்க வர்றவன் கொஞ்சம் எக்கிக்கட்டும்."