இறுதிச் சடங்கு நேரலையில் ஓடிய வாழ்த்து

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
ஞாயிறு

மதிப்பிற்குரிய மாமா நஞ்சுண்டன் அவர்களுக்கு, மாப்பிள்ளை மதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ரோஷினியும் நலம். கோபியில் தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். தங்கள் பிரஷர் மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து நலமாக இருக்காது. காரணம் நான்தான்.

ஆம் மாமா, இங்கே இறந்துபோன நம் சத்தியமங்கலத்துப் பையன் சபரியின் இறுதிச் சடங்கு நேரலையில் "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க, முகம் மறைக்குது" என்று கேட்டது என் குரல்தான். ஊரெல்லாம் என்னைக் கம்ப்யூட்டர் மேனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் இருக்கிறது, மேனேஜர்தான் இல்லை. கல்யாண அழைப்பிதழ் வரைகிறேன், அரங்கேற்றத்தில் மைக் பிடிக்கிறேன், பல்பொடி விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறேன், தமிழ்ச் சங்க நாடகத்தில் எமன் வேஷம் கட்டி, அந்த மை கண்ணைவிட்டுப் போகாமல் மறுநாள் பிறந்தநாள் வீட்டில் படமெடுக்கப் போனபோது, கேக் வெட்ட வேண்டிய க்ரிஷ் "மம்மி, ஹீ இஸ் ஸ்கேரி" என்று மேஜைக்கடியில் புகுந்துகொண்டான். இப்போது விசா இல்லாமல் வர முடியாத சொந்தங்களுக்கு இறுதிச் சடங்கை நேரலையில் காட்டும் வேலை வருகிறது. அதுதான் அதிகம் வருகிறது.

அன்றைக்கு அவசரத்தில், சான்டா கிளாராவில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போட்ட செட்டிங்கை மாற்றாமல் விட்டுவிட்டேன். பெட்டிக்குள் சபரி. திரையின் கீழே "நேரில் வர இயலாதோர் இங்கேயே வாழ்த்தலாம்" என்று பூப்போட்ட வரி ஓடுகிறது. நம் சனம் மேலே பார்க்குமா? ஓடுவதைப் படித்தார்கள், வாழ்த்தினார்கள். "சீரும் சிறப்புமாக வாழ்க" என்று முதலில் போட்டவர் யார் என்று எழுத மாட்டேன். நஞ்சுண்டன் டெக்ஸ்டைல்ஸ் என்று பேர் வந்தது. சபரியின் மனைவி விஷாகா அதைப் பார்த்துவிட்டு, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்படியே ஓடிவிடலாம் என்றிருந்தபோது, அவள் கையிலிருந்த போனில் சபரியின் அம்மா பவளம், சத்தியமங்கலத்திலிருந்து. "கேமராக்காரத் தம்பி இருக்குதா? எம் பையன் மூஞ்சியக் கொஞ்சம் கிட்டக் காட்டு சாமி. எட்ட நின்னா எனக்குத் தெரியல." கிட்டப் போனேன். "இன்னுங் கிட்ட, கண்ணு." காதோரத்து மச்சத்தைப் பார்த்த பிறகுதான் "செரி, போதும்" என்றார். அன்றைக்கே கேமராவைப் பையில் கட்டி வைத்துவிட்டேன் மாமா. இனி இந்த வேலை என்னால் முடியாது.

ஆகவே, "கேமராவ வித்துப்போட்டு நம்ம கடைல வந்து உக்காருங்க மாப்ள" என்று போனில் சொன்னீர்களே, அதற்குச் சம்மதம். ரோஷினியால் வேலையை விட்டு உடனே வர முடியாது. அவள் முகம் வாடித்தான் இருக்கிறது. நான் முன்னால் வந்து கல்லாவில் உட்காருகிறேன். இந்த ஊர் எனக்கு அவ்வளவுதான்.

அத்தையின் கால்வலி தீரவும், கடை செழிக்கவும் வேண்டி, தங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை மதன்

பி.கு.: இதை அனுப்பப்போன நேரத்தில் பவளம் அம்மா கூப்பிட்டார். நம்பர் கொடுத்தது விஷாகாவாம். "நாளைக்கு அஸ்தி கரைக்கறாங்களாமா. நீயே போய்க் காட்டு கண்ணு. நீதான் கிட்டப் போவே." சரி என்றுவிட்டேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடையில் எனக்கு நாற்காலி வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஓடும் வரியை எடுத்தாயிற்று. இருந்தாலும் மாமா, நாளைக்குத் தயவுசெய்து எதுவும் டைப் பண்ணாதீர்கள்.