லொறிக்கு வந்த கனடா வெளிச்சம்

நீர்வேலி
19.11.2024

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் ஜெயசுதன் அறிவது,

இங்கே நான், உமது அக்கா குணலட்சுமி, லொறி ஆகிய மூவரும் உயிரோடும் உருப்படியோடும் இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நீரும் மனைவி மக்களும் காதை மூடிக்கொண்டு சுகமாயிருக்கச் சந்நிதி முருகன் காவல். நாள்தோறும் வட்சப்பில் முகம் பார்க்கிற அத்தான் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர். போன் உமது அக்காவின் கையில் இருக்கிறது. நான் சொல்ல வந்த சங்கதியோ அவவின் காதில் விழக்கூடாதது. பக்கத்து வீட்டு அற்புதராணி ரீச்சர் மகனைப் பார்க்க வெள்ளிக்கிழமை கனடாவுக்குப் புறப்படுகிறா. அவவிடம் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். ரீச்சருக்கும் இந்த விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. அவ சொல்வதில் பாதியை நம்பினால் போதும்.

நீர் ஆடி மாதம் வந்து நின்றபோது ஒரு பின்னேரம் என் லொறியில் ஏறி, முன்னால் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து, "அத்தான், உது லைற் இல்லை, கார்த்திகை விளக்கு" என்று சொன்னீர். சொன்னதோடு நிற்காமல் இரண்டு எல்.ஈ.டி. பல்ப்புகளை அழகான பெட்டியில் போட்டு அனுப்பியும் வைத்தீர். அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். பல்ப்பைக் கராச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கராச்சுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கடை லொறியின்ரை லைற்றுக் கூடு பழைய பல்ப்புக்கு அளந்து செய்தது. உதுக்கை புதுசைப் போட்டா வெளிச்சம் தன்ரை பாட்டுக்குத் திரியும். லொறியை விட்டிட்டுப் போங்கோ, ஆறுதலாப் பாத்துப் பூட்டித் தாறன்" என்றார். இருபத்திரண்டு வருஷம் வாழைக்குலை ஏற்றி ஓடுகிற எனக்கு ஒரு பல்ப்பை மாற்ற இன்னொரு மனிசன் வேண்டுமா என்று ஒரு ரோசம் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பூட்டினேன். பல்ப்பின் முதுகில் ஒரு குட்டிக் காற்றாடி இருந்தபடியால் பின்பக்கத்து ரப்பர் மூடி மூட மறுத்தது. அக்காவின் கறிக்கத்தியால் அதில் ஓட்டை வெட்டி, சைக்கிள் ரியூப்பால் இழுத்துக் கட்டினேன். அன்று இரவு பெய்த மழையில் இடது பக்க லைற்றுக்குள் அரைக் கோப்பை தண்ணீர் நின்றதை ஒரு குறையாக எழுதமாட்டேன். மீன் வளர்க்கலாம் போல வடிவாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் இருள்கிற நேரம் சுவிச்சைப் போட்டேன். வெளிச்சம் வந்தது ஜெயசுதன், வராமல் இல்லை. எங்கள் வளவுத் தென்னையில் எத்தனை குரும்பை நிற்கிறது என்று லொறிக்குள் இருந்தே எண்ணலாம். வௌவால்கள் வாழைத்தோட்டத்தை விட்டு எழும்பின. சேவல் கூவியது. ரீச்சரின் மேல்மாடி யன்னல் முழுதும் பால்போல வெள்ளையாகி, உள்ளே அவ தோசையும் கையுமாக நிற்பது தெரிந்தது. "ஆரது? என்ன வேணும் உங்களுக்கு?" என்று அவ போட்ட சத்தத்தில் தோசை கீழே விழுந்தது. எல்லாம் தெரிந்தது. லொறிக்கு முன்னால் கிடந்த ஒழுங்கை மட்டும் தெரியவில்லை. டிம்மிலும் போட்டுப் பார்த்தேன், பிரைற்றிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் வெளிச்சம் வானத்தைத்தான் பார்த்தது. புதுச் சாமான், ஓட ஓடச் சரிவரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன புதன்கிழமை சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்கு, வாசலில் கட்டக் குலையோடு இரண்டு வாழையும், பந்திக்குக் கதலிக் குலை பத்தும் கொண்டுபோக வேண்டியிருந்தது. விடிந்தால் கலியாணம். மழையால் வெட்டப் பிந்தி, புத்தூர் கழியவே இருட்டிவிட்டது. எதிரே வந்த முதல் வாகனம் எனக்கு லைற் அடித்துக் காட்டியது. எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உமக்குத் தெரியும். முன்னால் பொலிஸ் நிற்கிறது. நல்ல மனிசன் என்று கையைக் காட்டி நன்றி சொல்லி, பெல்ற்றை மாட்டி, கழற்றி வைத்திருந்த சேட்டையும் போட்டுக்கொண்டு மெல்லப் போனேன். பொலிஸ் இல்லை. இரண்டாவது வாகனமும் அடித்தது. மூன்றாவது அடித்தது மட்டுமல்ல, கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்லிக்கொண்டும் போனது. இத்தனை பேர் எச்சரிக்கிறார்கள் என்றால் பெரிய சோதனையாக இருக்கவேண்டும் என்று இன்னும் மெதுவாக்கினேன். ஒரு சைக்கிள் என்னை முந்திக்கொண்டு போனது.

அப்படி ஊர்ந்து, இரண்டு பக்கமும் வெள்ளம் நிற்கிற வயல்வெளிக்கு வந்தபோதுதான் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஆளைக் காணவில்லை, சத்தம் மட்டும். கிட்ட வந்ததும் சத்தம் ஒரு பக்கமாய்த் திரும்பி, பொத்தென்று தண்ணீரில் நின்றது. லொறியை நிறுத்தி இறங்கி ஓடினேன். "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கும்பிடாத கோயில் யாழ்ப்பாணத்தில் இல்லை. பிறகு வயலுக்குள் இருந்து ஒரு ஆள் எழும்பினார். தலையிலிருந்து கால்வரை சேறு, கையில் ஒரு பாரை மீன்.

"அண்ணை," என்றார், "லொறியிலை வெல்டிங் வேலையோ நடக்குது?"

"காயம் ஏதும் இருக்கோ தம்பி?"

"எனக்கொண்டுமில்லை. கண்ணைக் கூசிச்சுது, மூடினன். திறந்து பாத்தா நெல்லுக்கை நிக்கிறன். என்ரை மீன் பெட்டியைத் தேடுங்கோ முதல்."

பெயர் சிமியோன். குருநகர். தென்மராட்சிப் பக்கம் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். மீன் பெட்டியைத் தேடினோம். கிடைத்த மீனையெல்லாம் பொறுக்கினோம். வெள்ளத்துக்குள் உயிரோடு ஓடிய இரண்டு விரால் அவருடைய கணக்கில் இல்லாதவை, அவற்றையும் பிடித்தார். மோட்டார் சைக்கிளின் முன் சில்லு வளைந்துபோனதால் அதை லொறியில் ஏற்றினோம். ஏற்றியபிறகுதான் அடுத்த யோசனை வந்தது. லைற் போட்டால் இன்னொருவர் வயலுக்குள் போவார், போடாவிட்டால் நாங்கள் போவோம். கலியாண வீட்டிலிருந்து மூன்று தரம் போன் வந்துவிட்டது. சிமியோன்தான் பின்னால் நின்ற வாழையைத் தட்டிப் பார்த்து, "இதின்ரை மடலை உரிச்சுக் கட்டுவம் அண்ணை" என்றார். கடலில் வலை கட்டுகிற கை, ஒரு நிமிஷத்தில் இரண்டு லைற்றின் கண்ணாடிக்கும் பச்சை மடலைப் போர்த்தி நாரால் இறுக்கிவிட்டது. வெளிச்சம் வேறு வழியில்லாமல் கீழே ஒழுகி வீதியில் விழுந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக வீதியைக் கண்டேன்.

மீசாலைக்குக் கிட்ட உண்மையாகவே பொலிஸ் நின்றது. ஒரு இளம் பெண் பொலிஸ். லொறியை இரண்டு தரம் சுற்றி வந்தா.

"ஐயா, உது என்ன?"

"வெளிச்சம் கூடிப்போச்சு பிள்ளை, அதாலை மூடியிருக்கிறம்."

"அப்ப கழட்டியிருக்கலாமே?"

"கழட்டினா இருட்டு, பிள்ளை."

அவ யோசித்தா. பக்கத்து சீற்றில் சேறு காய்ந்துகொண்டிருந்த சிமியோன், "மூடாட்டி என்ன நடக்குமெண்டதுக்கு நான்தான் சாட்சி" என்றார். அவ முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. சிரித்தாவோ என்னவோ. "நாளைக்குப் பழைய பல்ப்பைப் போட்டுக்கொண்டு வந்து காட்டுங்கோ. இப்ப மெல்லப் போங்கோ" என்று விட்டுவிட்டா. கலியாண வீட்டிலோ, மணப்பொம்பிளையின் தாய் ஓடி வந்து லொறியைப் பார்த்து, "எங்கடை கலியாணத்துக்கு லொறிக்கும் வாழை கட்டியெல்லோ கொண்டு வந்திருக்கிறியள்!" என்று கண் கலங்கினா. நான் ஓம் என்று தலையாட்டினேன். சிமியோனுக்கும் எனக்கும் பலகாரத்தோடு தேத்தண்ணி வந்தது.

வியாழக்கிழமை உமது பல்ப்பைக் கழற்றிப் பிஸ்கற் பேணியில் வைத்து, பழையதைப் பூட்டி, அந்தப் பிள்ளையிடம் காட்டிவிட்டு வந்தேன். ஞாயிறு பகல், சில்லு நிமிர்த்திய மோட்டார் சைக்கிளையும் ஒரு கதலிக் குலையையும் குருநகருக்குக் கொண்டுபோய், சிமியோனின் மனைவி மக்டலீனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவ என்னை விட்டுவிட்டுப் புருஷனைத்தான் பிடித்தா. "இவரின்ரை மோட்டச்சைக்கிளிலை லைற் எரியாமல் மூண்டு மாசம், தெரியுமோ உங்களுக்கு? இவர் இருட்டாய் வந்திருக்கிறார், நீங்கள் சூரியனைக் கொண்டு போயிருக்கிறியள். ரெண்டு பேரும் உயிரோடை நிக்கிறது மாதாவின்ரை கருணை. கையைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ." அந்த விரால் குழம்பைப் பற்றித் தனிக் கடிதம் எழுதலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பல்ப்பைக் கழற்றிய நாள் தொடக்கம் உமது அக்கா என்னோடு நேரே கதைப்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "என்ரை தம்பி அனுப்பினதிலை பிழை இராது. பூட்டின கையிலைதான் பிழை இருக்கும்" என்கிறா. ஐந்து நாளாகச் சுவருக்கும் இது பாடமாகிவிட்டது. என் கையில் என்ன பிழை? கோபியாதேயும் ஜெயசுதன், பிழை உமது பல்ப்பில். வானத்துக்கு வெளிச்சம் அடிக்கிற சாமானை லொறிக்கு என்று விற்ற கடைக்காரனை நீர் நாலு கேள்வி கேட்கவேண்டும். இனிமேல் தயவுசெய்து வெளிச்சம் சம்பந்தமான எதையும் இந்த வீட்டுக்கு அனுப்பாதேயும். சொக்லேற் அனுப்பும்.

உமக்கும் மனைவி மக்களுக்கும் எங்கள் ஆசிகள். உமது வழியில் எதிரே வருகிறவர் எல்லாரும் லைற்றைத் தாழ்த்தி வழிவிட வேண்டும் என்று வாழ்த்தும்,

உமது அத்தான்,
க. தம்பிராசா

பி.கு.: வியாழன் பின்னேரம். ஒட்ட முன்னம் உமது அக்கா இதை முழுதும் வாசித்துவிட்டா. பேணியைத் திறந்து, ஒரு பல்ப்பைக் கையில் எடுத்து, அது வந்த பெட்டியில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "படத்திலை மேலை நிக்கிற பக்கம் நீங்கள் பூட்டினதிலை கீழை நிக்குது" என்றா. பல்ப்பின் கழுத்தில் உள்ள வளையம் திரும்பக்கூடியதாம். நான் இரண்டையும் தலைகீழாகப் பூட்டியிருக்கிறேன். அவவே வளையத்தைத் திருப்பிப் பூட்டி, லொறியை மதிலுக்கு நேரே விடச் சொல்லி, சுவிச்சைப் போட்டா. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. மேல்மாடியில் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்த ரீச்சர், "தம்பிராசா, லைற் பழுதாப்போச்சோ? இஞ்சை வெளிச்சத்தைக் காணேல்லை!" என்று கூப்பிட்டா. கடிதத்தைக் கிழிக்கப்போனேன். "கிழிக்கக்கூடாது. அப்பிடியே போகட்டும், தம்பியும் வாசிக்கட்டும்" என்பது உத்தரவு. ஆகவே மேலே உமது பிழை என்று நான் எழுதிய இடங்களில் என் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளும். கடைக்காரனையும் ஒன்றும் கேட்காதேயும். சிமியோனின் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தும் பல்ப் ஒன்று உடனே அனுப்பும். அதைப் பூட்டுவது உமது அக்கா என்றும், நான் கிட்டவும் போகக்கூடாது என்றும் மக்டலீனும் அவவும் போனில் கதைத்து முடிவெடுத்துவிட்டார்கள்.