ஆலுவாவுக்குத் தாங்காத கார்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நகத்தளவுதான், ஆனால் அசல் சரக்கு. இப்போதே கேட்டால் தரமாட்டேன். முதலில் கார் கிளம்பட்டும். அதுவோ அசையமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

கார் சங்கரலிங்கத்துடையது. மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மண்டியில் கணக்கெழுதுகிறவர். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழைய கறுப்புக் காரை இவர் தலையில் கட்டிவிட்டார். அன்று முதல் சங்கரலிங்கம் நடந்து போகும்போதும் வலப்பக்கம் திரும்புமுன் கையை நீட்டிச் சிக்னல் காட்டுவார்.

ராத்திரி படுக்குமுன் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றி, அதன் நுனிக்குக் கிரீஸ் தடவிப் படுக்கவைப்பார். காலையில் எடுத்து மாட்டுவார். மாட்டியே விட்டால் அந்தக் கிழட்டு வண்டி தூக்கத்திலேயே கரண்டு முழுவதையும் குடித்துவிடும். தெருவே அறிந்த சடங்கு இது.

அந்தச் சனிக்கிழமை, மனைவி பாக்கியலக்ஷ்மியின் தங்கைக்கு ஆலுவாவில் வளைகாப்பு. காரில் போகலாம் என்று அவள் வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆலுவா வரைக்கும் எஞ்சின் தாங்காது பாக்கியம். நீ பஸ்ல போயிடு. எனக்குக் குடோன்ல ஸ்டாக் எடுக்கிற வேலை" என்றார் சங்கரலிங்கம்.

ஸ்டாக்காவது ஒன்றாவது! அதைவிடத் தூரத்தில், ஆலப்புழையில் அன்றைக்கு வள்ளங்களி. படகுப் போட்டி பார்க்கத் துணைக்குச் சிநேகிதன் வீரபாண்டி, தோப்பும்படி பாலத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு.

விடிந்தது. வயரை மாட்டினார். சாவியைத் திருகினார். ஒன்றுமில்லை. ஒரு 'டொக்' கூட இல்லை. ஹாரனை அமுக்கினார். அதற்கும் மூச்சில்லை.

"என்னங்க, சாயா ஆறுது. ஸ்டாக் எடுக்கக் கிளம்பலையா?" வாசலில் பாக்கியலக்ஷ்மி. பட்டுப்புடவையில்.

"செல்ஃப் எடுக்கலை."

"பேட்டரியா இருக்குமோ?"

"பேட்டரியைப் பத்தி எனக்கேவா? வயர் மாட்டுற குமிழைப் பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு! பேட்டரி ராஜா மாதிரி இருக்கான். ஸ்டார்ட்டர் மோட்டார்லதான் கோளாறு."

"அப்போ லைட்டு ஏன் எரியலை?"

சங்கரலிங்கம் யோசித்தார். "லைட்டுக்கும் அதே கோளாறுதான்."

எஞ்சினைச் சுற்றிவிடும் இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுழற்றினார். 'கரக்... கரக்... ப்ஸ்ஸ்.' மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதலாளி விடும் கொட்டாவி, அதே ராகம். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். இரண்டு வரிசையாக நின்று "ஐலசா! ஐலசா!" என்று தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அவர் பார்க்க ஆசைப்பட்ட வள்ளங்களி வீட்டு வாசலிலேயே நடந்து முடிந்தது. துடுப்புதான் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மிணி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். அவள் புருஷன் கல்ஃபில். "எந்தா சேட்டா, வண்டி சத்தோ?"

"சாகலை அம்மிணி. மயக்கம்."

"நான் வேணா ஒரு கை பார்க்கட்டுமா?" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

சங்கரலிங்கம் சிரித்த சிரிப்பில் காரே லேசாக ஆடியது. "ஏட்டி, இது அம்மிக்கல்லா? எஞ்சின்! நீ இதைக் கிளப்பிட்டா, நீ கைகாட்டுற ஊருக்கு ஓட்டுறேன். பகவதி மேல சத்தியம்!"

"ஞான் சாட்சி!" என்றாள் அம்மிணி. யாரும் கேட்காமலே. கொஞ்சம் சீக்கிரமாகவே.

பாக்கியலக்ஷ்மி உள்ளே போய், விளக்கு தேய்க்கும் தேங்காய் நாரும் சாம்பலுமாக வந்தாள். பட்டுத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வயரைக் கழற்றினாள். அந்தப் பளபளக்கும் குமிழைத் தேய்த்தாள் பாருங்கள், குத்துவிளக்கே பொறாமைப்படும்!

"அது ஏற்கெனவே மினுங்குதேட்டி!"

"வெள்ளிக்கிழமை தவறாம விளக்கு தேய்க்கிறவ நான். எனக்குத் தெரியாத மினுக்கா?"

வயரை மாட்டி, சாவியைத் திருகினாள். டர்ர்ர்ர்ர்!

சுமட்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள். சங்கரலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பாக்கியம்! உனக்கு எந்த ஊர் மெக்கானிக் சொல்லிக்கொடுத்தான்?"

"ஆலுவா" என்றாள் அவள், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து. "அங்கேதானே போறோம்?"

பின்சீட்டில் வளையல் பெட்டியும் முறுக்கு டின்னும் எப்போதோ ஏறி அமர்ந்திருந்தன. வியப்பிலிருந்த மனுஷன் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

தோப்பும்படி பாலத்தில் வீரபாண்டி குடையை ஆட்டி ஆட்டிக் குதித்தான்.

"உங்க சிநேகிதர்தானே? இன்னைக்குப் பாலத்துலயா ஸ்டாக் எடுக்கறாங்க?"

"காத்து வாங்க வந்திருப்பான்." சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

எறணாகுளம் முழுக்க அவர் வாய் ஓயவில்லை. "மெக்கானிக்குப் பத்து பேர் வந்தாலும் குமிழைத் தேய்க்கத் தோணுமா? உன் கை கையில்லைட்டி, வரம்!" வள்ளங்களி போன வருத்தம்கூட அந்தப் பெருமையில் பாதி கரைந்துவிட்டது.

களமசேரி தாண்டியதும் பாக்கியலக்ஷ்மி பையிலிருந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்தாள்.

"அது என்ன?"

"நகப்பூச்சு. அம்மிணி குடுத்தா, கல்ஃப் சாமான். கலரே கிடையாதாம். பூசினா வெறும் பளபளப்புதான். காஞ்சுதுன்னா கண்ணாடி மாதிரி ஒட்டிக்கும், ஒண்ணும் உள்ளே இறங்காதாம்."

"பாதி பாட்டில் காலியா இருக்கே. உன் நகத்துல ஒண்ணையும் காணோமே?"

அவள் மூடியைத் திறந்து பிரஷை வெளியே எடுத்தாள். நுனியில் கறுப்பாக என்னமோ ஒட்டியிருந்தது. சங்கரலிங்கம் சாய்ந்து பார்த்தார். கிரீஸ். ராத்திரிதோறும் அவரே ஆசையாகத் தடவும் அதே கிரீஸ்.

அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்திடாதீங்க" என்றாள் பாக்கியலக்ஷ்மி, பிரஷை அவர் கைக்குட்டையில் துடைத்தபடி. "திரும்பக் கிளப்ப நார் எடுத்துட்டு வரலை."